இருநூற்றுப் பன்னிரண்டாவது சொல்

கொழும்பிலிருந்து வந்த பட்டியலில்
சொல்லொன்றுக்கு எழுபது ரூபாய்.
பொருளுக்கு ஒரு கட்டம், பயன்பாட்டுக்கு ஒரு கட்டம்.
இருநூற்றுப் பதினொன்று வரை சிரமமில்லை.
அடுத்தது:
தெய்வத்துக்கும் மனிதருக்கும் இடைப்பட்டவர்.

அரைத்தெய்வம் என்று எழுதினேன்.
அரைக்கிலோ நெத்தலி போல இருந்தது.
அழித்தேன்.
தேவாம்சர்: என் வாயே அதை நம்பவில்லை.
உபதேவர்: பிரதேச சபை உபதவிசாளர் மாதிரி,
தலைவர் வராத நாளில் கதிரையில் இருப்பவர்.
அணங்கு, சூர், இயக்கர், கந்தருவர்
ஆளுக்கொரு பக்கம் பார்த்து நிற்கிறார்கள்,
ஒரே பந்தியில் இருத்த ஒண்ணாது.

தட்டச்சுக் கடை றமீசா, கல்முனைக்குடி,
தலை நிமிராமல் சொன்னாள்:
"எங்களுக்கு அந்தத் தலையிடி இல்ல கா.
படைச்சவன் ஒருத்தன், மத்ததெல்லாம் படைப்பு.
பாதி கீதி ஒண்டும் இல்ல.
மறுகா, உங்கட பாண்டிருப்பில
ஒராள் இரிக்காரே, அவரக் கேளுங்க."

அவர் என்றால் விமலதாசன்.
மின்சார சபை லைன்மேன்.
கொடியேற்றத்துக்கு முதல் வெள்ளி
என் வீட்டு லைனை வெட்டியவர்.
சிவப்பு பில்லைக் கேற்றில் செருகிவிட்டு
"நான் என்ன செய்ய, மேல இருந்து ஓடர்" என்றார்.
மேல என்று அவர் காட்டியது
கல்முனை அலுவலகத்தை.

புரட்டாதியில் அவருக்குப் பதினெட்டு நாள் லீவு.
காரணம்: கோயில் அலுவல்.
கொடியேறினால் அவர் அருச்சுனன்.
வீட்டுக்குப் போவதில்லை,
பெயர் சொல்லி எவரும் கூப்பிடுவதில்லை,
கடன்காரனும் முறைப்பதை நிறுத்தி
திருநீறு வாங்கிப் போகிறான்.

தவநிலை நாளில் சனத்துக்குள் நின்றேன்.
நட்டுவைத்த தவமரம், படிகள், வெள்ளைத் துணி.
தினமும் கொங்கிரீட் கம்பம் ஏறுகிற கால்
முதற்படியில் நடுங்கியது.
இடுப்பில் பட்டி இல்லை. கையுறை இல்லை.
பாட்டுக்கு ஒரு படி.
போகப் போக
எனக்குத் தெரிந்த முகம் அதில் குறைந்தது.

பக்கத்தில் அவர் மனைவி கோமளா.
"ராவு முழுக்கப் பச்சத்தண்ணிதான் குடிச்சார்" என்றாள்.
இரண்டு படி கழித்து
"பாருங்க, தெய்வம் ஏறுது" என்றாள்.

ஆர். து.
ஒரே வாய், ஒரே ஆள், ஒரே மரம்.
உயர்ந்துகொண்டிருந்தவரை
அஃறிணையில் இறக்கிவிட்டுக் கைகூப்பினாள்.
அதற்கு மேல் அவளிடம் மரியாதை இல்லை.
மழை வருது என்கிறோமே, அந்த து.
மார்கழியில் ஒரு காலை
கடற்கரைத் தெரு முழுக்கக் கத்தியதே
கடல் வருது என்று,
அந்த து.

நானும் கும்பிட்டேன், என் லைனை வெட்டிய கையை.
என்னைக் கேட்டு என் கைகள் எழவில்லை.

அன்றிரவு மெழுகுதிரியில் எழுதினேன்.
பொருள்: (வெறுமை)
பயன்பாடு: குடிச்சார். ஏறுது.
மூன்றாம் நாள் திருப்பி அனுப்பினார்கள்:
"ஒரு சொல் மட்டும் தரவும்.
கொடுப்பனவு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது."

தீப்பள்ளயம் முடிந்த திங்கட்கிழமை
பில் கட்டிய துண்டோடு நான்,
ஏணியோடு அவர்.
கம்பத்தடியில் நின்றுகொண்டு
உதவிப் பொடியனை மேலே அனுப்பினார்.

"நீங்க ஏறல்லயா?"
"இடது காலில ஒரு கொப்புளம். ஊண்ட ஒண்ணா."
"வலது?"
பொடியனைப் பார்த்து
"கம்பியப் பாத்துப் புடி" என்றார்.

கேட்டது விளங்கவில்லையோ,
விளங்கித்தான் கிறுகி நின்றாரோ.

உள்ளே மின்விசிறி ஒரு முனகல் முனகி
மூன்று கிழமைத் தூசியை உதறிச் சுற்றியது.
வாசலுக்கு ஓடிவந்து சொன்னேன்,
"வந்திட்டுது!"